மழைக்கு இழப்பீடு

ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவில்
மழை வருகிறது.
முப்பது ஆண்டுக்கான காகிதம்,
அதில் மழைக்கு ஒன்றரைப் பக்கம்.

தட்டச்சு செய்தவள் நான்.
காசாபிளாங்காவிலிருந்து வந்த வழக்கறிஞர்
'மழை' என்று போடாதீர்கள் என்றார்.
'எதிர்பாராத இயற்கை நீர்வரத்து' என்று மாற்றினேன்.
சன்னலுக்கு வெளியே சூஸ் சமவெளி
அடுப்பில் மறந்த சட்டிபோல் கிடந்தது.
நாலு வருடமாய் எங்களுக்கு
எதிர்பாராதது எதுவும் நடந்திருக்கவில்லை.

மலையிலுள்ள அணை அரசாங்கத்துடையது.
தொண்ணூறு கிலோமீட்டர் குழாய் கம்பெனியுடையது.
வால்வுக்கு இந்தப் பக்கம்
சொட்டுக்குழாயும் கடனும் விவசாயியுடையது.
தண்ணீர் யாருடையது? என்று கேட்டார் பிஹி ஔபெல்லா
கையெழுத்துக் கூட்டத்தில், தொப்பியைக் கழற்றாமல்.
பொறியாளர் நல்ல மனிதர். யோசித்துச் சொன்னார்:
அது அந்த நேரத்தில்
எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

எக்டேருக்கு இத்தனை கனமீட்டர் என்று விதி.
திறந்தாலும் கட்டணம், திறக்காவிட்டாலும் பாதிக் கட்டணம்.
இணைப்புக்கு முன்பணம்.
பெரிய தோட்டக்காரர்கள் அதே வாரம் கட்டினார்கள்.
பிஹி இரண்டு பசுக்களை விற்றார்.
இஜ்ஜாவிடம் விற்க எதுவுமில்லை.
அவளுடைய பார்லி வயலின் அடியிலேயே
குழாய் போயிற்று.
ராத்திரி மண்ணில் காதை வைத்தால்
தண்ணீர் நடக்கிற சத்தம் கேட்கிறது என்றாள்.
குறையாகச் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்:
அதற்கு முன் நாங்கள் கிணறுகளால் சண்டையிட்டோம்.
ஒருவன் இருபது மீட்டர் இறங்கினால்
அடுத்தவன் வாளியில் சேறு.
காய்ந்த ஆரஞ்சு மரங்களை
வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள்,
ஹம்மாம் அடுப்புகளுக்கு.
குழாய் வந்த கோடையில்
லாரிகள் வரவில்லை.
பிஹியின் மரங்கள் பூத்தபோது
மூன்றாம் மாடியில் எங்கள் கோப்புகள்கூட மணத்தன.

ஆறாம் ஆண்டு, அக்டோபரில்,
மழை.
முன்னறிவிப்பு இல்லாமல், டெண்டர் இல்லாமல்,
கையெழுத்துப் போட்டவன் நிலம் போடாதவன் நிலம் பாராமல்
நாற்பத்தொரு நாள்.
ஒருவரும் வால்வைத் தொடவில்லை.
நீல மீட்டர் பெட்டிகளில்
எண்கள் படுத்துத் தூங்கின.
பொறியாளர் கார் நிறுத்துமிடத்தில்
குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்தார்;
அவர் சம்பளம் கம்பெனியிலிருந்துதான்.

டிசம்பரில் கடிதம் வந்தது.
பதினேழாம் பிரிவின்படி
விற்காத தண்ணீருக்கு
கம்பெனிக்கு அரசாங்கம் தர வேண்டியது:
ஒரு கோடியே பத்து லட்சம் திர்ஹாம்.
கணக்கைச் சரிபார்த்தேன். பிழையில்லை.
நான் அடித்த வாக்கியம் சரியாக வேலை செய்திருந்தது.
மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று
ஓரத்தில் பென்சிலால் வகுத்தேன்,
பிறகு அழித்தேன்.

அந்த வாரம்தான் இஜ்ஜா வந்தாள்.
காலணியில் அப்பிய சேற்றை
வாசலிலேயே உதறிவிட்டு,
பார்லி இடுப்பளவு நிற்கிறது என்றாள்.
பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள்.
மழைமானி அவள் வேலியில்தான் இருக்கிறது.
இழப்பீட்டுக் கணக்கின் ஒவ்வொரு மில்லிமீட்டரும்
காலை ஏழு மணிக்கு
அவள் குனிந்து படித்து
செல்போனில் எனக்கு அனுப்பியது.
அதற்கு மாதம் அறுபது திர்ஹாம்.
ஐந்து மாதமாய் வரவில்லை.

கோப்பை முழுதும் புரட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒன்பது இணைப்புகள்.
அந்த அறுபது
எந்தப் பிரிவிலும் இல்லை.
ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்றேன்.
நீயே எழுது, உனக்குத்தான் எழுத வரும் என்றாள்.
எழுதினேன்.
மேலே அனுப்பினேன்.
மேலே இருக்கிறது.

இப்போது மார்ச்.
வானம் மறுபடி பித்தளை நிறம்.
தினமும் ஏழு மணிக்கு
தவறாமல் வருகிறது அவள் செய்தி.
இன்றைக்கும் வந்தது:

பூஜ்யம்.